பார்த்ததற்குக் கூலி

சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்குச் செல்லும் சாலையில், முருகன் மலை கண்ணுக்குத் தென்படுவதற்கு முன்னரே வந்துவிடும் கனகம்மாசத்திரம், பிரயாணிகள் இளைப்பாறிய காலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கும் ஊர். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு தினங்களுக்கு முன்பு அங்கே இளைப்பாற நேர்ந்தது எனக்கன்று, என் தகப்பனார் விட்டுச்சென்ற மாரிஸ் மைனருக்கு.

1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்து, நம் தேசத்தில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற நாமத்தோடும் ஓடிய வண்டி அது. சில மாதங்களாகவே, கிளட்சை அடிவரை மிதித்தாலும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று அலறிக்கொண்டுதான் விழும். நகரத்துப் பட்டறை ஒன்றில் எஞ்சினையே இறக்கி, கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் மாற்றி, அச்சடித்த பில்லும் கொடுத்தார்கள். அலறல் மட்டும் மாறவில்லை.

கனகம்மாசத்திரத்து மெக்கானிக்கான பெரியவரோ ஸ்பானரைத் தொடவேயில்லை. தம் உதவிப் பையனைத் தெலுங்கில் அதட்டி வண்டிக்குள் உட்காரவைத்து, பெடலை மெல்ல மிதிக்கச் சொல்லிவிட்டு, கோணியை விரித்து வண்டிக்கடியில் படுத்தவர், அடிச்சட்டத்துக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிடக்கும் குறுக்குத் தண்டின் மூட்டுகளில் ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டே போனார். "பெடல் இறங்குது, தண்டு தூங்குது சார். தட்டு மேல குத்தமில்ல, பின்னு தேஞ்சுபோச்சு" என்றார். கழற்றிக் காட்டிய பின்னின் நடுவே எலி கடித்தாற்போல் ஒரு பள்ளம். அது நின்ற துவாரமோ வட்டத்தை மறந்து முட்டை வடிவாகியிருந்தது. தண்டின் புஷ் பொடியாகக் கையில் உதிர்ந்தது.

விஷயம் இவ்வளவுதான்: காலடியில் பெடல் நாலைந்து அங்குலம் இறங்கினாலும், கடைசியில் கிளட்ச் பேரிங் நகர்வது சில மில்லிமீட்டர்களே, இடையிலுள்ள மூட்டுகள் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டரைத் தின்றுவிட்டால், தட்டு விலகுவதற்கு மிச்சம் என்ன இருக்கும்? எஞ்சின் கதறியும் வண்டி வேகம் பிடிக்காவிட்டால் அது ஸ்லிப், அப்போது தட்டைச் சந்தேகிக்கலாம். மிதித்தும் கியர் விழ மறுத்தால், எஞ்சினை இறக்குமுன் தண்டையும் பின்னையும் பார்ப்பதுதான் முறை. லேத்தில் துவாரத்தை அடைத்து மறுபடி துளைத்து, புதுப் பின் கடைந்து, புஷ்ஷும் ஸ்பிரிங்கும் மாற்றி, பெடலில் முக்கால் அங்குல 'பிளே' விட்டு லாக் நட்டை இறுக்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. ரிவர்ஸ் சத்தமின்றி விழுந்தது.

பழைய கார்கள் உதிரிப் பாகம் கிடைக்காமல் மடிகின்றன என்ற அபிப்பிராயம் எனக்கு இல்லை. இலங்கையில் காலி நகரத்தருகே இதே மைனருக்குத் தகடுகள் செய்து, அது பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். அருகிப்போனது கோளாறு இன்ன இடத்தில் என்று விரலால் சொல்லும் சாமர்த்தியமே. அருகியதற்குக் காரணம், அதற்கு நாம் காசு கொடுப்பதில்லை. நாடி பார்த்து "ஒன்றுமில்லை, போய்வாருங்கள்" என்று அனுப்பும் டாக்டருக்கும் ஃபீஸ் தருகிறோம். மெக்கானிக்குக்கோ மாற்றிய சாமானுக்கும் மாற்றிய உழைப்புக்கும்தான் கூலி. சாமானை மாற்றினால்தான் சோறு என்று வைத்துவிட்ட பிறகு, பின்னை மாற்றினாலே போதுமான இடத்தில் தட்டை மாற்றுகிறார்களே என்று அங்கலாய்ப்பதில் என்ன நியாயம்? பட்டறைப் பில்லின் முதல் வரி, கோளாறு கண்டதற்கான கூலியாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி. பார்க்காமலே பார்த்ததாகப் பணம் பறிப்பார்களே என்பார்க்குச் சொல்வேன்: தேய்ந்த உறுப்பைக் கையில் வாங்கிப் பாருங்கள், பிறகு கொடுங்கள்.

பெரியவர் கேட்டது லேத் கூலியும் சாமான் விலையும் சேர்ந்த சொற்பத் தொகை. பார்த்ததற்கு என்று தனியாக நீட்டினேன். "பாத்ததுக்கு எதுக்கு சார் துட்டு?" என்று மெய்யாகவே புரியாமல் விழித்தார். வற்புறுத்தவே வாங்கி, லேத்காரரின் பழைய பாக்கியில் வரவு வைக்கும்படி பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டார்.