தவணையா? தட்டிக்கழிப்பா?

 

'பிறகு பார்க்கலாம்' என்ற இரண்டே சொற்கள் நம் சமுதாயத்தைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. கடை வசூலுக்குப் போனால் அதே பதில். ஜமாஅத் கூட்டத்தில் கணக்குக் கேட்டாலும் அதே பதில். வாப்பா மவுத்தாகிப் பத்து வருடம் கழிந்தும் சொத்துப் பிரிக்காத வீட்டில் தங்கை தன் பங்கைக் கேட்டால், அப்போதும் அதே பதில்! கேட்டவர்களிடம், "இதைவிட முக்கியமான வேலை இருக்கிறது" என்று ஒரு காரணமும் சொல்லப்படுகிறது.

முக்கியமானதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஒன்றை முன்னே வைத்தால் இன்னொன்று பின்னே போகத்தான் செய்யும். சிக்கல் எங்கே என்றால், யோசித்துப் பின்னே வைத்த வேலையும் தட்டிக் கழித்த வேலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டும் இன்று நடக்கவில்லை. எப்படிப் பிரித்தறிவது?

வியாபாரிகளான உங்களுக்கு இது தெரியாததல்ல. கடனுக்குச் சரக்கு எடுத்தவர் "அடுத்த மாதம் 15ஆம் தேதி" என்று சொல்லி நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது தவணை. "சீசன் சூடு பிடிக்கட்டும் பாய், தந்துடறேன்" என்றால் அது என்னவென்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலைப் பற்றியது. தவணை குறிக்க வேண்டும், எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும் என்று அல்லாஹ் அங்கே விரிவாகக் கற்றுத் தருகிறான். கடனுக்குச் சொன்ன இந்த அளவுகோலை மற்ற கடமைகளுக்கும் வைத்துப் பாருங்கள்.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628. நபி (ஸல்) அவர்கள் சுமார் 1400 தோழர்களுடன் உம்ரா செய்ய இஹ்ராம் அணிந்து, குர்பானிப் பிராணிகளுடன் புறப்பட்டார்கள். ஹுதைபிய்யாவில் குறைஷிகள் தடுத்தார்கள். இந்த ஆண்டு திரும்பிப் போவது, அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள் தங்குவது என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. உமர் (ரலி) போன்றவர்களுக்கே அது தாங்க முடியாததாக இருந்தது. ஆயினும் அன்றைக்குச் சமாதானம் முந்தியது, உம்ரா பிந்தியது. ஹிஜ்ரி 7ல், சொன்னபடி, உம்ரா நிறைவேற்றப்பட்டது.

ஹிஜ்ரி 9ல் தபூக். கடும் கோடை, மதீனாவில் பேரீச்சை பழுத்திருந்த நேரம். கஅப் பின் மாலிக் (ரலி) அகபா உடன்படிக்கையில் கலந்து கொண்ட சஹாபி. முன் எப்போதும் இல்லாதபடி அவரிடம் இரண்டு வாகன ஒட்டகங்கள் இருந்தன. காலையில் பயண ஏற்பாட்டுக்கென்று வெளியே போவார். எதையும் செய்யாமல் திரும்புவார். நினைத்தால் முடித்துவிடலாம் என்ற தைரியம்! படை புறப்பட்டது. ஓரிரு நாளில் போய்ச் சேர்ந்து கொள்ளலாம் என்று நினைத்தார். சேரவே இல்லை. பிறகு 50 நாட்கள் ஊரே அவருடன் பேசவில்லை. புகாரியில் இதை அவரே விரிவாகச் சொல்லியிருக்கிறார். கவனியுங்கள், அவர் வேறு எந்தப் பெரிய வேலையிலும் மூழ்கியிருக்கவில்லை. எண்பதுக்கும் மேற்பட்டோர் வந்து சாக்குச் சொன்னபோது, "எனக்குக் காரணம் எதுவும் இல்லை" என்று உண்மையைச் சொன்னார். அவரது தவ்பா ஏற்கப்பட்டது. நம் காலத்துத் தட்டிக்கழிப்பவர்களிடம் சாக்குக்கு மட்டும் பஞ்சமில்லை.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்தச் சட்டம் வந்தது. ஜூன் 6ல் 'உமீத்' இணையதளம் திறக்கப்பட்டது. வக்ஃபு சொத்துகளை ஆறு மாதத்துக்குள் அதில் பதிய வேண்டும் என்றார்கள். சட்டம் அநீதியானது என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. "வழக்கு இருக்கிறது, தீர்ப்பு வரட்டும்" என்று முத்தவல்லிகள் பலர் காத்திருந்தார்கள். செப்டம்பர் 15 வரை அதை ஒரு முடிவு என்றே மதிப்போம். அன்று உச்ச நீதிமன்றம் சில பிரிவுகளுக்குத் தடை விதித்தது. பதிவுக்குத் தடை விதிக்கவில்லை. அன்றிலிருந்து டிசம்பர் 5 வரை 81 நாட்கள்! அந்த 81 நாளும் காத்திருந்தவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள்? டிசம்பர் 1ல் நீதிமன்றம் கால நீட்டிப்புத் தர மறுத்து, வக்ஃபு தீர்ப்பாயத்துக்குப் போகச் சொன்னது. கடைசி நாட்களில் இணையதளம் திணறியது உண்மை. அது அரசின் குறை. கடைசி நாளில் கூட்டம் சேர்ந்தது யார் குறை? ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொத்துகளின் பதிவு தொடங்கப்பட்டும், அதற்குள் ஒப்புதல் பெற்றவை பாதிகூட இல்லை.

அதே நாட்களில்தான் தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தமும் நடந்தது. வீடு வீடாகப் படிவம் நிரப்பும் வேலையில் வாலிபர்கள் இறங்கினார்கள். அதற்காக வக்ஃபு ஆவணங்களை இரவுக்கோ இரண்டு பேருக்கோ ஒதுக்கிய ஜமாஅத் முறையாகத்தான் வரிசைப்படுத்தியது. "இது முடியட்டும், அப்புறம் அது" என்று தேதி சொல்லாமல் விட்ட ஜமாஅத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வாலிபர்களே! வரும் ஜும்ஆவுக்குப் பின் உங்கள் பள்ளி நிர்வாகிகளிடம் மரியாதையோடு உட்காருங்கள். பள்ளிக்குள்ள சொத்துகள் எவை, பட்டா யார் பெயரில் இருக்கிறது, பதிவாகாதவை எத்தனை, தீர்ப்பாயத்துக்குப் போவது யார், என்றைக்கு? ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு பேர் கையெழுத்திட்டுப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். வியாபாரிகளே! வக்கீல் கட்டணமும் நகல் எடுக்கும் செலவும் உங்கள் பொறுப்பாகட்டும். அப்படியே வீட்டுக்குப் போனதும், தங்கையின் பங்குக்கு ஒரு தேதி குறித்து அவளிடமே எழுதிக் கொடுத்துவிடுங்கள், இன்ஷா அல்லாஹ்.