குழாய் முதலில், தார் பிறகு

மதுரை மாநகராட்சியின் விரிவாக்கப் பகுதிகளில் குடியிருக்கும் எல்லோருக்கும்,

நம் மனுக்களில் பல வருடங்களாக இருப்பது ஒரே வரிதான்: "எங்கள் தெருவுக்கு ரோடு போட்டுத் தாருங்கள்." அந்த வரியை மாற்றி எழுதக் கேட்கிறோம். 2011இல் 72 வார்டுகள் 100 ஆனபோது, சுமார் 52 சதுர கிலோமீட்டர் இருந்த மாநகர் 148 ஆனது. ஆனையூர், அவனியாபுரம், திருநகர், விளாங்குடி எல்லாம் உள்ளே வந்தன. பாதாள சாக்கடையும் முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாயும் இங்கே பின்னால்தான் வருகின்றன என்பதால் தெருவைத் தோண்டாமல் முடியாது. ஆனால் தார் போட்ட பிறகு தோண்டினால் ஒரே தெருவுக்கு நம் வரிப்பணம் இரண்டு முறை செலவாகிறது.

குழாய் பதித்த பள்ளத்தில் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, இடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகத் தள்ளி மேலே தார் பூசினால் முதல் மழையிலேயே குழாய் போன தடத்தில் ரோடு நீளவாக்கில் அமுங்கும். அமுங்கிய இடத்தில் நீர் தேங்கும். தாருக்கும் ஜல்லிக்கும் உள்ள பிடி விடும். அந்தப் பிடியை வலுப்படுத்தத்தான் நம்மூர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் கழிவைப் பூசும் முறையைக் கண்டார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த முறையில் போட்ட ரோடும் இறுகாத மண்மேல் நிற்காது.

அடுத்தது மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுவதால், மூன்று படி ஏறிப்போன வீட்டுக்கு இன்று ஒரு படிதான் மிச்சம். சுரண்டிய பின்பே புதிய தார் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். சுரண்டினால் செலவு கூடும் என்பார்கள். கூடட்டும், சுரண்டிய தார்ஜல்லி மறுபடி பயன்படும், மழைநீர் வீட்டுக்குள் வராமலிருப்பதற்கும் ஒரு விலை உண்டு. இதில் நம் பங்கையும் சொல்லிவிடுவோம். வண்டி ஏற்ற வாசலில் சாய்தளம் கட்டி வாய்க்காலை அடைத்தவர்கள் நாம்தான். அதை இடிக்க மாட்டேன் என்பவருக்கு, தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று புகார் சொல்லும் உரிமை கொஞ்சம் குறைவு.

"அதுவரை சேற்றில் நடப்பதா?" என்ற கேள்வி நியாயமானது. பள்ளிக்கூட வேனும் ஆட்டோவும் உள்ளே வராத தெருவில் பொறுமையைப் போதிப்பது எளிது, வாழ்வது கடினம். அதனால் வேலை முடியும்வரை கிராவல் கொட்டி ரோலர் ஓட்டித் தரும்படி கேட்போம். அதற்கு ஆகும் செலவு, போட்ட தாரை வெட்டுவதால் வரும் நஷ்டத்தைவிடக் குறைவு. "இதெல்லாம் கவுன்சிலர் வேலை, நமக்கென்ன?" என்பதும் காதில் விழுகிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 2022 விதிகள் வார்டு கமிட்டியோடு ஏரியா சபையையும் தந்திருப்பது நாமும் பேசுவதற்காகத்தான். டெண்டர் விட்டபின் போய் நின்று பயனில்லை. எந்த வீட்டுக்கு இணைப்பு பாக்கி என்பது டெண்டருக்கு முன்பே எழுத்தில் போக வேண்டும்.

ஏரியா சபை கூடும் நாட்களில் செப்டம்பர் 15ஐ விடாதீர்கள். வடகிழக்கு மழைக்கு முன் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அது. வரும்போது உங்கள் வாசற்படி ரோட்டிலிருந்து எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்து, குறித்து வாருங்கள். தெரு முழுக்க அந்த அளவுகளை ஒரே தாளில் சேர்த்து, குழாய் இணைப்புப் பட்டியலோடு மனுவாகக் கொடுப்போம்.

இப்படிக்கு,
விரிவாக்கப் பகுதிக் குடியிருப்போர்