பழைய வேன் வாங்கலாமா?

தக்காளிப் பறிப்புக் காலம் வந்துவிட்டால் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில் வாடகை வண்டி கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிடும். டிரைவர் வீட்டு வாசலில் போய்க் காத்திருக்க வேண்டும். வாடகையும் அவர் சொன்னதுதான். இந்தச் சங்கடம் பொறுக்காமல், பழைய வேன் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டால் என்ன என்று சிறு விவசாயிகள் பலர் யோசிக்கிறார்கள். நானும் அப்படி யோசித்து வாங்கியவன்தான்.

வேன் என்று நான் சொல்வது 2005-இல் வந்த டாடா ஏஸ் போன்ற சிறிய லோடு வண்டியை. நம் ஊர்களில் அதற்குக் குட்டியானை என்று பெயர். பெயர்தான் குட்டி, தீனி பெரிய யானைத் தீனி. வாங்கும் விலையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்த் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி 1,80,000 ரூபாய். வாங்கிய கையோடு டயர், பேட்டரி, சில்லறை வேலைகளுக்கு 20,000. ஐந்து வருடம் ஓட்டி 80,000-க்கு விற்றால் தேய்மானம் மட்டும் வருடத்துக்கு 24,000. இன்ஷூரன்ஸில் பழசுக்கென்று சலுகை கிடையாது. வாடகைக்கு ஓட்டும் வகையில் பதிவான, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022-இல் நிர்ணயித்தபடி 16,049 ரூபாய், வரி தனி. வண்டி நேற்று வந்ததா, பத்து வருடம் ஓடியதா என்று அது பார்ப்பதில்லை. எல்லாம் சேர்த்து 18,000 என்று வைப்போம்.

அடுத்தது எஃப்.சி. வண்டிக்கு 8 வயது ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அதற்கு மேல் வருடா வருடம். 15 வயதைத் தாண்டினால் கட்டணமும் ஏறிவிடும். எஃப்.சி.க்குக் கொண்டுபோகுமுன் பெயிண்ட், வெல்டிங், பிரேக் வேலை, ஒளிரும் ஸ்டிக்கர் என்று ஒரு சுற்று. சாலை வரி, பசுமை வரியும் சேர்த்து இதற்கு 14,000. ரிப்பேர், ஆயில், டயர் 24,000, குறைத்தே போட்டிருக்கிறேன். ஆக, ஒரு சொட்டு டீசல் ஊற்றுமுன் வருடத்துக்கு 80,000 ரூபாய்.

மார்க்கெட்டுக்குப் போய்வர 50 கிலோமீட்டர் என்றால் டீசலுக்கு 300 ரூபாய் ஆகும். வாடகை வண்டி 1,100 கேட்கிறது. நடைக்கு 800 மிச்சம். அப்படியானால் வருடத்துக்கு 100 நடை ஓடினால்தான் வாடகைக்கும் சொந்தத்துக்கும் சரிக்குச் சரி. இரண்டு ஏக்கர் தக்காளியில் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் இரண்டு மாதத்துக்கு 30 நடை. இரண்டு போகம் வைத்தாலும் 60-தான். மல்லிகை போட்டவர் தினமும் போக வேண்டும் என்பது வாஸ்தவம். பத்துக் கிலோ பூவுக்கு வேன் எதற்கு, மொபெட் போதாதா?

இந்தக் கணக்கில் வராத செலவு ஒன்று உண்டு. வண்டி வழியில் நிற்கிற நாள். ஒரு ஆவணி மாதம், 14 கிலோப் பெட்டியில் 40 பெட்டி ஏற்றிப் போனபோது கிளட்ச் பிளேட் போய் என் வண்டி நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்து, பெட்டிகளை மாற்றி ஏற்றி, மார்க்கெட் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்திருந்தது. மறுநாள் இளகிய பழத்துக்குப் பாதி விலைதான் கிடைத்தது. கிளட்ச் வேலைக்கு ஆனதைவிட அந்த நஷ்டம் பெரிது.

பழசு என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. 2017 ஏப்ரலோடு விற்பனை நின்ற பி.எஸ். 3 வண்டிகளை உள்ளூர் மெக்கானிக்கே பிரித்துப் பார்த்துவிடுவார். 2020-க்குப் பிந்திய பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார் கோளாறு என்றால் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரைத் தேடி டவுனுக்குப் போக வேண்டும். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். விடியற்காலையில், எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது போய் நில்லுங்கள். நீங்கள் வருகிற நேரம் தெரிந்தால் விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்துவிடுவார். ஆயில் மூடியின் உள்ளே பால் போல் வெளுத்திருந்தால் திரும்பி வந்துவிடலாம். தண்ணீர் ஆயிலில் இறங்கியிருக்கும். மீன் ஏற்றிய வண்டியில் உப்புத் தண்ணீர் சேஸிஸைத் தின்றிருக்கும். மேலே எத்தனை பெயிண்ட் அடித்தாலும் கீழே படுத்துப் பார்த்தால் தெரியும்.

ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் அது ரத்தாகாமல் முழுப்பணம் கொடுக்கக்கூடாது. 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெயரை உடனே மாற்றிக்கொள்ள வேண்டும். இன்ஷூரன்ஸை மாற்ற 14 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் பற்றிக் கவலையில்லை. 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டிக்குக் கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 6-இல் உறுதி செய்துவிட்டது.

வண்டி வீட்டில் நின்றால் களையெடுக்கும் பெண்களைப் பின்னால் ஏற்றிப் போகத்தான் தோன்றும். நானும் ஏற்றியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. சரக்கு வண்டியில் அப்படி ஆள் ஏற்றக்கூடாது. அவர்களுக்கு இன்ஷூரன்ஸும் இல்லை. கவிழ்ந்தால் போன உயிர் வராது. நஷ்ட ஈட்டுக்கு நம் நிலம் போகும்.

என் அபிப்பிராயம், இரண்டு ஏக்கர்க்காரர் தனியாக வாங்க வேண்டாம். பக்கத்துத் தோட்டக்காரர் மூன்று பேர் சேர்ந்து வருடத்துக்கு 150 நடை ஓட்டினால், நடைக்கு 533 ரூபாயும் டீசலும்தான் விழும். ரிப்பேர் கொஞ்சம் கூடினாலும் வாடகையைவிடக் குறைவு. ஆர்.சி. ஒருவர் பெயரில் இருக்கும். மற்றவர்கள் பங்கைப் பத்திரத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னால், பங்காளிகளுக்குள் பத்திரமா என்று கோபித்துக்கொள்கிறார்கள். கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று எழுதி வைத்திருப்பவர்கள்தானே நாம்!