பிள்ளையிடமிருந்து தமிழைப் பறிக்கலாமா?



சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளை அரசுப் பள்ளிகள் திருப்பி அனுப்பலாகாது என்பது 2019 முதல் மலேசியக் கல்வி அமைச்சின் கொள்கை. ஆயினும், பெரிய வகுப்பின் இரைச்சலைத் தாங்கவியலாத பிள்ளைகளும் உளர். அவர்களுக்குச் சிறிய தனியார் சிறப்புப் பள்ளி பெருந்துணையே. ஓர் ஆசிரியரிடம் நான்கைந்து பிள்ளைகள். அவரவர் வேகத்திற்கேற்ற பாடம். பல் துலக்கவும் பொத்தான் மாட்டவும் பயிற்சி. அதனைக் குறைகூறுவது என் நோக்கமன்று.

என் கவலை வேறு. அங்குப் பயிற்றுமொழி பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது மலாய். 'பிள்ளை குழம்பிவிடும், வீட்டிலும் தமிழை விட்டுவிடுங்கள்' என்று பெற்றோருக்கு அறிவுரை கூறப்படுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இரு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசப் பிள்ளைகளின் மொழி வளர்ச்சி குன்றுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. மாறாக, தமிழை நிறுத்தினால் பாட்டி கொஞ்சுவது புரியாது. வீட்டார் தமக்குள் பேசிச் சிரிப்பதும் புரியாது. பேசத் திணறும் பிள்ளை சொந்த வீட்டிலேயே தனித்துப்போகும்.

ஆகவே, பள்ளியில் சேர்க்கும்போதே வீட்டுமொழியைப் பற்றிப் பேசுங்கள். 'தண்ணீர்', 'வலி', 'போதும்' என்னும் சொற்களைப் பட அட்டைகளில் தமிழிலும் எழுதக் கேளுங்கள். அவ்வட்டைகளைச் செய்து கொடுக்கத் தமிழாசிரியர்களாகிய நம்மால் இயலாதா?

சிந்திப்போம், செயல்படுவோம்.