அந்தக் கையைக் கண்டு விலகலாமா?

மாணவர்களே, யானைக்கவுனியில் மூட்டை தூக்கும் ஒருவரின் உள்ளங்கை வெடித்துச் செதில் உதிர்வதைக் கண்டு நீங்கள் விலகியிருக்கலாம். அது சோரியாசிஸாக இருந்தால் தொற்றாது; 2014-ல் உலக சுகாதார சபையே அதைத் தொற்றா நோய் என்று ஏற்றது.

நம் மேல்தோல் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. இந்நோயிலோ சில நாட்களே! முதிராத செல்கள் மேலே குவிகின்றன. தடித்த தோல் மடங்கும்போது பிளக்கிறது, வலிக்கிறது. உராயும் இடத்தில் புதுப்படை எழுவதும் உண்டு. இதைக் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டார்.

சாக்குத்துணி நாள் முழுதும் உராயும் கைக்குக் களிம்பு மட்டும் போதுமா? கையுறையும் வேண்டும். அதை வேலை கொடுப்பவரே தரவேண்டும் என்பது என் கருத்து. கை கழுவியதும் வாசலின் தடவலாம். கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு வேண்டாம்.

ஸ்டான்லி மருத்துவமனை அதிகத் தொலைவில் இல்லை. ஆனால், போனால் ஒரு நாள் கூலி போய்விடுமே!