ஒன்பது மூட்டை உபயம்

சீசனில் குற்றாலம் மெயினருவிப் பக்கம் போனால் பனியன் இலக்கியம் நிறையப் படிக்கலாம். ஸ்டான்ஃபோர்டு, யேல் எல்லாம் நெஞ்சில் இருக்கும். 'யேல்' பனியனைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த தென்காசி நண்பர் கேட்டார்: "யேல்னா பூட்டுக் கம்பெனிதான அண்ணாச்சி?"

பூட்டு யேல் வேறு சார். காலேஜ் யேல் நம்ம மெட்ராஸ் கவர்னர்!

முதலில் ஸ்டான்ஃபோர்டை முடித்துவிடுவோம். லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு, கலிஃபோர்னியாவில் தங்கம் தோண்ட வந்தவர்களுக்குச் சாமான் விற்றுக் காசு பார்த்த வியாபாரி. 1862-ல் அந்த மாநில கவர்னர். அதே சமயம் ஒரு ரயில் கம்பெனிக்கும் தலைவர். அந்தக் கம்பெனிக்கு அரசாங்க உதவி கிடைத்ததா என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். ஒரே மகன் 1884-ல், பதினைந்து வயதில் டைஃபாய்டில் போய்விட, அவன் பெயரில் யுனிவர்சிடி.

இந்தப் படத்தை 175 வருஷம் முன்னாடியே நம்ம ஊரில் ஓட்டிக் காட்டியவர் எலிஹு யேல். 1649-ல் பாஸ்டனில் பிறந்து, மூன்று வயதில் இங்கிலாந்துக்குப் போனவர். 1672-ல் ஜார்ஜ் கோட்டைக்கு கிளார்க்காக வந்து சேர்ந்தார். வருஷச் சம்பளம் பத்து பவுண்டு. மாசக் கடைசியில் நாம் படும் பாடு அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் நாம் கைமாற்று வாங்குவோம். அவர் சைடு பிசினஸில் இறங்கினார். 1680-ல் ஒரு விதவைச் சீமாட்டியைக் கோட்டை சர்ச்சில் மணந்தார். அந்த சர்ச்சில் நடந்த முதல் கல்யாணமே அதுதான். 1687-ல் கவர்னர்!

வேலை தெரியாதவர் இல்லை. மெட்ராஸ் கார்ப்பரேஷன் 1688-ல் அவர் காலத்தில்தான் ஆரம்பமானது. 1690-ல் கடலூர் பக்கம் மராட்டியரிடம் ஒரு கோட்டையை விலைக்கு வாங்கினார்கள். கூடவே எவ்வளவு நிலம்? பீரங்கியைச் சுடு, குண்டு விழும் தூரம் வரை நமக்கு! ரியல் எஸ்டேட்டில் இப்படி ஒரு அளவு முறை நம்ம புரோக்கர்களுக்குக் கூடத் தோன்றவில்லை. 'குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. கம்பெனி பிற்பாடு நம்ம குற்றாலம் வரைக்கும் வந்து ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டது. லாப வாசனை அடித்தால் அருவியாவது, சாரலாவது!

இதற்குள் யேலின் மகன் டேவிட், சின்னக் குழந்தை, மெட்ராஸிலேயே இறந்துபோனான். பிற்பாடு சட்டக் கல்லூரி வந்த இடத்தில் அவன் சமாதி. அதைப் படிக்கும்போது யாருக்கும் மனசு கனக்கும்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐரோப்பா போகும் கப்பல் ஒவ்வொன்றிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது அவர் உட்கார்ந்திருந்த கவுன்சில். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே?

கம்பெனிப் பணத்தைச் சொந்த வியாபாரத்தில் போட்டார் என்று புகார். 1692-ல் பதவி போனது. 1699-ல் பெரும் பணக்காரராக இங்கிலாந்து திரும்பினார்.

1718-ல் அமெரிக்காவில் ஒரு ஏழைக் காலேஜ் கையேந்தியது. ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகம், ராஜா படம் ஒன்று அனுப்பினார். சரக்கு சுமார் 562 பவுண்டுக்குப் போனது. காலேஜுக்கு அவர் பெயர் வைத்துவிட்டார்கள். அவர் அதை நேரில் பார்த்ததுகூட இல்லை. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்து 'உபயம்' எழுதுகிறார்களே, அதைவிட லாபகரமான உபயம் இது.

அடிமை முறையோடு தனக்கிருந்த பழைய தொடர்புக்காக யேல் யுனிவர்சிடி 2024 பிப்ரவரியில் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. முன்னூறு வருஷம் லேட்.

பி.காம்.மில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஒரு வரவு என்றால் எங்கேயோ ஒரு பற்று இருக்கும் என்பது. அந்தக் காலேஜில் படித்து முன்னேறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம், சந்தோஷம். அது வரவு. கப்பலில் ஏற்றப்பட்ட அந்தப் பத்துப் பத்துப் பேரின் கணக்கை எந்தப் பேரேட்டில், யார் பெயரில் பற்று எழுதுவது சார்?