இது தேர்வுல வருமா?

பொதுச்சேவை ஆணையத்தின் பி.டி.டி. தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் சுற்றிவரும் பி.டி.எஃப். ஒன்றைப் போன வாரம் முழுசாகப் படித்தேன். நிருவாக, அரசதந்திர அதிகாரிகளைப் பொறுக்கியெடுக்கும் தேர்வு அது. அதன் பொது அறிவுப் பகுதிக்காக யாரோ தொகுத்த குறிப்பு. அட்டையில் கொட்டை எழுத்தில் ‘இசு செமாசா’. நடப்பு விவகாரமாம். விலை முப்பது வெள்ளி. டெலிகிராம் குழுவில் ரெண்டு நாள் பொறுமையாக இருந்தால் சும்மாவே கிடைக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது? ருக்குன் நெகாரா, 1970, ஐந்து கோட்பாடு. வாவாசான் 2020, 1991, ஒன்பது சவால். சத்து மலேசியா, 2009. கூட்டு வளப்பத் தொலைநோக்கு 2030, அறிவித்தது 2019. கெலுவார்கா மலேசியா, 2021. மலேசியா மடானி, 2023, ஆறு விழுமியம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அறிமுகப்படுத்தியவர் பெயர். தகவல் எதுவும் தப்பில்லை. ஆனால் ஒரு நாட்டுக்கு முப்பது வருஷத்தில் இத்தனை சுலோகம் ஏன் தேவைப்பட்டது, ஒன்று போய் இன்னொன்று வந்தபோது முந்தியதற்கு என்ன ஆச்சு என்று ஒரு வரி கிடையாது. 2020 நிஜமாகவே வந்து சேர்ந்தபோது, பிப்ரவரி கடைசியில் அரசாங்கம் கவிழ்ந்தது. மார்ச் 18 முதல் நாம் வீட்டுக்குள் அடைபட்டோம். ஒன்பது சவாலையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு, அந்த ஒன்பதில் எது நிறைவேறியது என்று கேட்கத் தோன்றவே கூடாது என்பதுபோல எழுதப்பட்டிருக்கிறது அந்தக் குறிப்பு. என் சண்டை அதோடுதான்.

ரெண்டு வருஷமாகச் சனிக்கிழமைகளில் ஒரு கோயில் மண்டபத்துப் பின்னறையில் இந்தப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு உட்கார்கிறேன். டியூஷன் என்று சொல்ல முடியாது, காசு வாங்குவதில்லை. பட்டதாரிகள், கெட்டிக்காரர்கள், பகலில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் படிக்கிறவர்கள். எதைப் பேசினாலும் அவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “அண்ணே, இது வருமா?”

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் கட்டத் தேர்வில் நாலு விடையில் ஒன்றைத் தட்ட வேண்டும். அதற்குக் குறிப்பு உதவும். பாஸாகாதவனுக்கு அடுத்த கட்டமே இல்லை, அதுவும் உண்மை. ஆனால் அடுத்த கட்டத்தில் மதிப்பீட்டு மையம், குழு விவாதம், பேச்சு, அப்புறம் நேர்முகம். அங்கே போய் வந்த ஒரு தம்பி சொன்னான்: விவாதத்தில் ஆறு பேரும் ஒரே வாக்கியத்தை ஒரே வரிசையில் பேசினோம் அண்ணே, எல்லாரும் ஒரே பி.டி.எஃப். படிச்சிருக்கோம் போல. சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்கிறேன். 2024 அக்டோபரில் குடியுரிமை தொடர்பான அரசமைப்புத் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. குறிப்பில் இது ஒன்றரை வரி: மலேசியத் தாய்மார்களுக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கும் இனிக் குடியுரிமை. நல்ல திருத்தம்தான். தகப்பனுக்கு இருந்த உரிமை தாய்க்கு இல்லாமல் இருந்ததே வெட்கக்கேடு, அதற்காகப் போராடிய அம்மாக்களுக்குக் கும்பிடு போடலாம். ஆனால் அதே மசோதாவுக்குள் இன்னொரு வேலையும் நடந்தது. இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே சட்டப்படி குடியுரிமை என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியிலிருந்து ‘நிரந்தரவாசி’யை எடுத்துவிட்டார்கள். இந்த ரெண்டாவது பாதி குறிப்பில் இல்லவே இல்லை.

நான் இதைச் சொன்னதும் வழக்கமான கேள்வி வந்தது. கேட்டது கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண்.

“உன் பாட்டிக்கு என்ன ஐ.சி.ம்மா?”

“சிவப்பு.”

“தாத்தாவுக்கு?”

“அவருக்கும் சிவப்புதான் அண்ணே, சாகிற வரைக்கும்.”

“அப்ப 1971ல பொறந்த உங்க அம்மாவுக்கு நீலம் எப்படி வந்துச்சு?”

அவளிடம் பதில் இல்லை. யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. பாட்டிக்கு ஏன் சிவப்பு என்று வீட்டில் ஒரு கதை இருந்தது, பேப்பர் சரியா இல்லை, தொரைக்கு எழுதத் தெரியலை, இப்படி. 1968ல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டும் என்றது, அதற்கடுத்த வருஷம் தோட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினார்கள், பாட்டி ஏறாமல் தங்கிவிட்டவர் என்பதெல்லாம் அவளுக்குப் புதுசு. இங்கே தங்கிய அந்தச் சிவப்பு ஐ.சி.க்காரர்களின் பிள்ளைகள் பிறந்த உடனே இந்நாட்டுப் பிரஜை ஆனது மேலே சொன்ன அந்த ஒற்றைச் சொல்லால். அம்மா வழியில் அவள் இந்த ஊர்க்காரி ஆனதும் அதனால்தான். பி.டி.டி.க்கு மனுப்போட முதல் தகுதியே குடியுரிமை. பழைய ஆட்களை இந்தத் திருத்தம் தொடாது. இனிப் பிறக்கப்போகிறவர்களுக்குத்தான். ஆனால் பதிவுத் திருமணம் செய்யாமல் குடும்பம் நடத்தும் ஒரு சிவப்பு ஐ.சி. பெண்ணுக்கு நாளைக்குப் பிறக்கும் குழந்தை? அப்பா குடிமகனாக இருந்தாலும், திருமணம் பதிவாகவில்லையென்றால் சட்டம் தாயின் நிலையைத்தான் பார்க்கும். இத்தனை நாள் அந்தக் குழந்தையைத் தாயின் சிவப்பு ஐ.சி. காப்பாற்றியது.

இது வருமா? தெரியாது. வராமலும் போகலாம். ஆனால் பாஸாகி, இந்தான்ல பயிற்சி முடித்து, ஓர் அமைச்சில் போய் உட்காரும் அதிகாரியின் மேசைக்கு இது கட்டாயம் வரும். அமைச்சரவைக்குப் போகும் தாளில் வேலை செய்வது அவர்கள்தான். அந்த மேசையில் இருப்பவருக்குச் ‘சிவப்பு ஐ.சி.’ என்றதும் ஒரு பாட்டி ஞாபகத்துக்கு வருவாளா, அல்லது ‘2024, அரசமைப்புத் திருத்தம், தாய்மார்’ என்ற ஒன்றரை வரி ஞாபகத்துக்கு வருமா? 2017ல் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டம் பொதுச்சேவையில் நம் பங்கு 7 விழுக்காடாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. மேடைக்கு மேடை இந்த ஏழைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒன்றரை வரி மட்டும் தெரிந்த ஏழு பேர் போய் உட்கார்ந்தால் என்ன, எழுபது பேர் உட்கார்ந்தால் என்ன?

குறைந்தபட்சச் சம்பளமும் அப்படித்தான். குறிப்பில் ‘1,700 வெள்ளி, 2025 பிப்ரவரி 1’. அவ்வளவுதான். ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிக்கு ஆகஸ்ட் 1 வரை தவணை கொடுத்திருந்தார்கள் என்று நான் சொன்னதும், ஒரு பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “எங்கம்மா வேல செய்யற கடைல மூணு பேருதான். அதான் அம்மாவுக்கு ஆறு மாசம் கழிச்சு ஏத்துனாங்களா?” என்றான். முதலாளி ஏமாற்றுகிறார் என்று வீட்டில் சண்டையே நடந்திருக்கிறது. 2013ல் முதன்முதலாக இது வந்தபோது தீபகற்பத்துக்கு 900, சபா சரவாக்கிற்கு 800 என்று பிரித்து வைத்ததையும் அன்றைக்கு அவனே தேடிப் படித்துவிட்டு, அங்கே அரிசி என்ன விலை என்று கேட்டான். ஒரு மணி நேரம் ஓடியது தெரியவில்லை. யாரும் ‘வருமா’ என்று கேட்கவில்லை.

“இதெல்லாம் வீண் வேலை, எப்படியும் நம்ம பிள்ளைங்களை எடுக்க மாட்டாங்க” என்று சொல்லும் பெரிசுகள் ஒரு பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு நிஜம் இருக்கிறது, ஆனால் அதை வைத்து அவர்கள் ஒன்றும் செய்வதில்லை. பி.டி.டி.யின் வேர் மலாயன் சிவில் சர்வீஸ். அதற்கு ஆள் எடுத்த தேர்வில், தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் தூய ஐரோப்பியனாக இருக்க வேண்டும் என்று 1904ல் விதி போட்டான் வெள்ளைக்காரன். 1910ல் மலாய்க்காரர்களுக்கென்று கீழ்நிலையில் ஒரு நிருவாகச் சேவை தொடங்கினான். மலாய்க்காரர் அல்லாதவருக்குக் கதவு திறந்தது 1953ல். அதுவும் நாலு மலாய்க்காரருக்கு ஒருவர் என்ற கணக்கில். சுதந்திரத்துக்கு முன் ரீட் ஆணையமும் தன் அறிக்கையில் இந்த ஒதுக்கீட்டைக் குறிப்பிட்டது. பின்னர் 153ஆவது விதி வந்தது. இது புலம்பல் இல்லை, வரலாறு. தான் எழுதப்போகும் தேர்வுக்கே இப்படியொரு பிறப்புக் கதை இருக்கிறது என்று தெரிந்த பிள்ளையும், ‘எடுக்க மாட்டாங்க’ என்று மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளையும் நேர்முக அறைக்குள் ஒரே மாதிரி நடந்து போகமாட்டார்கள். குறிப்பு விற்கிறவனுக்கு இந்த வரலாறு வேண்டாம், பெரிசுகளுக்கும் வேண்டாம்.

நம்மவர்களுக்கும் வேண்டாம் என்பதுதான் எனக்கு அதிகம் எரிகிறது. நம்மவர்கள் என்று நான் சொல்வது இதைப் படிக்கிற, எழுதுகிற, மாமாக் கடையில் நள்ளிரவுவரை கவிதை பேசுகிற கூட்டத்தை. அரசாங்க வேலைக்குப் படிக்கிறவனைப் பார்த்தால் நமக்கு ஒரு இளக்காரம், ‘மனப்பாட மெஷின்’ என்போம். சரி, அந்த மெஷினுக்குக் குடியுரிமைத் திருத்தம் ஒன்றரை வரியாவது தெரியும். நமக்கு? சென்னைப் புத்தகக் கண்காட்சியில் எந்த அரங்கில் யாரோடு யார் முறைத்துக்கொண்டார் என்பது மறுநாள் காலையில் தெரிந்துவிடுகிறது. நம் நாட்டு மக்களவையில் நம் பாட்டிகளைப் பற்றி ஓட்டெடுப்பு நடந்த வாரம் நம்முடைய வாட்சாப் குழுவில் அதைப் பற்றி ஒரு வரி வரவில்லை. நான் மேலே போய்த் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

1924ல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019ல் நின்றுபோனது. நிறைய அஞ்சலிக் கட்டுரை எழுதினோம். எத்தனையோ பேரின் முதல் கதையும் முதல் கவிதையும் அங்கே வந்தது என்று எழுதினோம், அதுவும் நிஜம்தான். ஆனால் தோட்டத்துக் கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் குந்தி உட்கார்ந்து கேட்டது ஞாயிற்றுக்கிழமைக் கவிதையை மட்டுமா? சட்டத்தை, சம்பளத்தை, பெர்மிட்டை, யார் எங்கே வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதைக் கேட்டார்கள். வாசித்து முடித்ததும் “அப்ப நமக்கு என்னாவும்?” என்று யாராவது கேட்பாராம். என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் அந்தப் பின்னறையில் சொல்லித்தர முயல்வது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். அதற்கு நான் ஒருத்தன் போதாது. கதை எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். ஒரு மசோதாவைப் படித்து, அதற்குள் இருக்கும் ஆளைக் கண்டுபிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்ட நாவல் படித்துப் பழகிய கண் தேவைப்படுகிறது. நம்மிடம் அப்படிப்பட்டவர்கள் இருபது பேராவது இருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் ஓர் இயக்கம் பி.டி.டி. தேர்வுக்கு ஒருநாள் செமினார் நடத்துகிறது. நடப்பு விவகாரம் பேச என்னைக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு மசோதாவை எடுத்துக்கொண்டு ரெண்டு மணி நேரம் பேசுகிறேன், பிள்ளைகள் அவரவர் வீட்டு ஐ.சி. நிறத்தைக் கேட்டுக்கொண்டு வரட்டும் என்றேன். ஏற்பாட்டாளர் மரியாதையான மனிதர். யோசித்துவிட்டு, “ரெண்டு மணி நேரம் முடியாது சார், முக்கால் மணி நேரம் வெச்சிக்கலாம். மத்தது நோட்ஸா இருந்தா குழுவுல போட்டுடறோம்” என்றார். முக்கால் மணி நேரத்துக்கு ஒத்துக்கொண்டேன். நோட்ஸ் தருவதாகச் சொல்லவில்லை.